பெல்வியூ லைனுக்கு மட்டும் ஒரு வானிலை

தண்ணீர்த் தொட்டியில் தொடங்கி டிரான்ஸ்ஃபார்மரில் முடிந்துவிடுகிற எங்கள் பெல்வியூ லைனில், இருபத்து மூன்று வீடுகளும் இருபத்து மூன்று வீட்டுக்கு உண்டான வம்பும் தவிர வேறெதுவும் விளைந்ததில்லை என்று கோத்தகிரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், மார்கழி பிறந்து நான்காம் நாள் காலை ஐந்தரை மணிக்கு, இட்லிப் பானையிலிருந்து எழுந்த ஆவி என் சமையலறை ஜன்னல் கண்ணாடியில் போய் ஒட்டியபோது, அந்த ஆவியின் மேல் விரலால் எழுதிய மாதிரி எழுத்துகள் தோன்றின: "இன்று இதமான குளிர். எட்டு மணி வரை மூடுபனி. பிறகு வெயில். காற்று, சொல்லும்படி இல்லை."

நான் இட்லியை இறக்கி, தட்டுகளைக் கவிழ்த்துவிட்டுத்தான் படித்தேன். வேலை நேரத்தில் வந்து நின்று பேசுகிற எதற்கும், அது மனிதராக இருந்தாலும் ஜன்னலாக இருந்தாலும், உடனே முகம் கொடுக்கிற பழக்கம் எனக்கில்லை. கையெழுத்து நன்றாக இருந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கான்வென்ட்டில் எங்களுக்குக் கையெழுத்துச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் பெனடிக்டா பார்த்திருந்தால், வரி கோணாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியதற்காக ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டு, கண்ணாடியில் எழுதியதற்காக முட்டியில் ஒரு அடியும் போட்டிருப்பார். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அரசாங்க ஆபீஸில் முப்பது வருடம் ஃபைல் நகர்த்திய மனிதர், இரண்டு முறை படித்துவிட்டு, "கண்ணாடி பழசாயிடுச்சு, மாத்தணும்" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் தேடப் போனார். அன்றைக்கு எட்டு மணி வரை மூடுபனி இருந்தது. பிறகு வெயில் வந்தது. காற்று சொல்லும்படி இல்லை.

மூன்று நாள் இது எனக்கும் ஜன்னலுக்கும் இடையிலேயே இருந்தது. நான்காம் நாள் வீட்டுக்காரர் முடிவெட்டப் போன இடத்தில் வாயைத் திறந்துவிட்டார். பாதித் தலை வெட்டி முடிவதற்குள் பாதித் தெருவுக்குத் தெரிந்து, அவர் வீடு திரும்புவதற்குள் அசோசியேஷன் செயலாளர் கேசவமூர்த்தி, பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், கையில் அளவு நாடாவோடு என் வாசலில் நின்றார்.

"மேடம், நாம இதை முறைப்படி செய்யணும்" என்றார்.

"எதை?"

"இந்த அறிக்கை எது வரைக்கும் செல்லும்னு எல்லை கண்டுபிடிக்கணும்ல?"

அன்று ஜன்னல், "பிற்பகல் மூன்று பத்துக்குத் தூறல், டிரான்ஸ்ஃபார்மர் வரை" என்று எழுதியிருந்தது. கேசவமூர்த்தி மூன்று மணிக்கே போய், ஒரு காலை டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்தப் பக்கமும் மறு காலை அந்தப் பக்கமுமாக அகட்டி வைத்துக்கொண்டு நின்றார்; மூன்று பத்துக்குத் தூறல் வந்தது; ஒரு ஷூ நனைந்தது, ஒரு ஷூ நனையவில்லை. அந்த இரண்டு ஷூக்களையும், மகளுக்குப் பிறந்த இரட்டைப் பிள்ளைகளைக் காட்டுகிற மாதிரி, வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினார்.

அதற்குப் பிறகு எங்கள் லைன்காரர்களுக்கு வந்த மிதப்பைச் சொல்லி முடியாது. ரேடியோவில் மாவட்டம் முழுவதற்கும் சேர்த்து ஒரே வானிலை சொல்கிறார்கள், அதில் ஊட்டியும் நாமும் ஒன்று, குந்தாவும் நாமும் ஒன்று. ஆனால் எங்களுக்கோ எங்களுக்கு மட்டும் என்று ஒரு வானிலை, அடுத்த தெருக்காரன் குடை பிடித்துக்கொண்டு அலையும்போது நாங்கள் நிம்மதியாக வடகம் காயப்போடலாம் என்று, வடகம் போடத் தெரியாதவர்கள் எல்லாம் பேசிக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்த கூட்டம் ஒன்று, பெண் வீடு அறிக்கையின் எல்லைக்குள் வருகிறதா என்று கேட்டது. டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டிக் குடியிருந்த மூன்று குடும்பங்களை, அதுவரை தெருவோடு சேர்த்து எண்ணியவர்களே, "அவங்க வெளி வானிலைக்காரங்க" என்று சொல்லத் தொடங்கினார்கள். தினமும் காலை ஆறு மணிக்கு, ஸ்வெட்டரும் மங்கி குல்லாவுமாக, என் சமையலறைக்குள் செருப்போடு வந்து நிற்பார்கள். கேசவமூர்த்தி ஒரு நோட்டு போட்டு, வந்தவர்கள் எல்லோரும் "படித்தேன்" என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று உத்தரவு போட்டார். வருகிற அறிக்கையை முதலில் செயலாளருக்குத் தெரிவித்து, அவர் மூலமாகத்தான் மற்றவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், அதுதான் உரிய வழி என்று எனக்கே ஒரு கடிதமும் கொடுத்தார். அதை நான் தோசைக்கல் துடைக்க வைத்துக்கொண்டேன்.

இத்தனை பேர் வந்து நின்ற சமையலறைக்குள் ஒரே ஒருத்தி மட்டும் வரவில்லை. யோகம்மா.

எங்கள் லைனுக்குக் கீழே சரிவில், ஐந்து சென்ட் துண்டு நிலம் ஒன்று பல வருடமாகப் புல் மண்டிக் கிடந்தது. அதன் சொந்தக்காரர் கோயம்புத்தூரில் இருந்தார். யோகம்மா, எஸ்டேட்டில் இலை பறித்துக்கொண்டிருந்தவள், புருஷன் போன பிறகு அந்தச் சொந்தக்காரரைப் போய்ப் பார்த்து, அந்தத் துண்டைக் கொத்தி, பீன்ஸ் போட்டிருந்தாள். அதே துண்டின் மேல் ஜெயசீலனுக்கும் கண் இருந்தது. லைனின் நடுவில் 'ஃப்ராஸ்ட் வியூ' என்று பெயர் வைத்து, வீட்டை அறை அறையாகத் தடுத்து, சமவெளிக்காரர்களுக்குக் குளிரைக் காட்டிப் பிழைக்கிற ஆள். வருகிறவர்களின் கார்களை நிறுத்த இடமில்லை என்று அவரும் கோயம்புத்தூருக்கு நடையாக நடந்தார். சொந்தக்காரர், யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர், "இந்த ஒரு போகம் பார்ப்போம். காய் எடுத்துக் காட்டினா நிலம் யோகம்மாகிட்டயே இருக்கட்டும். கருகிப்போச்சுன்னா கார் நிக்கட்டும்" என்று தீர்ப்புச் சொல்லி அனுப்பிவிட்டார். பீன்ஸுக்கு உறைபனி ஆகாது. ஒரு ராத்திரி உறைபனி விழுந்தால் போதும், காலையில் வெயில் பட்டதும் செடி வெந்நீர் ஊற்றின மாதிரி துவண்டு கறுத்துவிடும். அதனால் யோகம்மா தினமும் காலை ஆறரை மணிக்கு, சேற்றுக்காலோடு, என் பின்கதவுக்கு வெளியே வந்து நிற்பாள். நான் கதவை ஒரு சாண் திறப்பேன்.

"பனி விழுமாக்கா?"

"விழாது, போ. குளிர் உள்ள வருது."

கதவைச் சாத்திவிடுவேன். ஒரு கேள்வி, ஒரு பதில். உள்ளே செருப்போடு நின்ற பதினைந்து பேருக்கும் சேர்த்து நான் செலவழித்த பொறுமையில் ஒரு சொட்டுகூட அந்தக் கதவு வரை மிஞ்சவில்லை.

அந்த வருடம் குளிர், குளிர் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சப்படுகிற மாதிரிதான் இருந்தது. ஜன்னலும் என்ன செய்யும், உள்ளதைத்தானே எழுதும்; இதமான குளிர், இதமான குளிர், இதமான குளிர் என்று பத்தொன்பது நாள் எழுதியது. லைன்காரர்களுக்குப் பாதியிலேயே அலுத்துவிட்டது. அற்புதம் ஒன்று வீட்டு வாசலுக்கு வந்தால் அதற்கு ஒரு வாரம் மரியாதை கொடுப்பார்கள், இரண்டாவது வாரம் அதைக் குறை சொல்வார்கள், மூன்றாவது வாரம் தங்கள் சொந்த வேலைக்கு அதை ஏவுவார்கள். இவர்களை இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறேன், புதுக் குழாய் வந்தபோதும் இப்படித்தான்.

"இதமான குளிர்னு சொல்ல ஒரு ஜன்னல் வேணுமா? ஜன்னலைத் திறந்தாலே தெரியுமே" என்றாள் கேசவமூர்த்தியின் மனைவி விசாலம். சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு மிக அருகில் போய், கனடாவில் இருக்கும் மகன் இந்த வாரமாவது போன் பண்ணுவானா என்று கேட்டாள். மறுநாள் ஜன்னல், "மாலையில் மேகமூட்டம்" என்று எழுதியது. மேகமூட்டம் என்றால் தாமதம், ஆனால் வரும் என்று அவளே பொருள் சொன்னாள். அதிலிருந்து வெயில் என்றால் ஆண் குழந்தை, மூடுபனி என்றால் முழங்கால் வலி, காற்று சொல்லும்படி இல்லை என்றால் மருமகள் சண்டைக்கு வரமாட்டாள் என்று ஆளாளுக்கு ஓர் அகராதி வைத்துக்கொண்டு, வானிலையை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் படித்தார்கள்.

ஜெயசீலனுக்கு வேறு தலைவலி. பொங்கல் விடுமுறைக்கு எட்டு குடும்பங்கள் வருவதாக இருந்தன; விளம்பரத்தில் 'உறைபனி உறுதி' என்று கொட்டை எழுத்தில் போட்டுத் தொலைத்திருந்தார்.

"மேடம், நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லக்கூடாதா?" என்றார்.

"யார்கிட்ட?"

"உங்க ஜன்னல்தானே?"

"என் புருஷனும் என் புருஷன்தான். நான் சொல்லியா கேக்குறார்?"

நான் சட்னிக்குத் திரும்பிய நேரத்தில், ஜெயசீலன் ஆவியின் மேல் விரலை வைத்து, "நாளை உறைபனி" என்று தன் கோழிக் கிறுக்கலில் எழுதிவிட்டுப் போயிருந்தார். மறுநாள் காலை ஜன்னல் எழுதியது: "உறைபனி இல்லை. எழுதினாலும் இல்லை." அந்த ஒரு நாள் எனக்கு அந்த ஜன்னலின் மேல் மரியாதை வந்தது.

ஆனால் மனிதர்கள் ஓர் அவமானத்தை விடமாட்டார்கள், பக்தியாக மாற்றிக்கொள்வார்கள். ஜன்னலுக்குக் கோபம் வந்துவிட்டது, குளிரவைக்க வேண்டும் என்று விசாலம் ஒரு வெள்ளிக்கிழமை வந்து கண்ணாடியின் நடுவில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை அது மூன்று பொட்டானது. பூச்சரம் மாட்ட ஆணி அடிக்கலாமா என்று கேட்டார்கள். ஜெயசீலன் சும்மா இருப்பாரா, அவர் தன் ஜெபக்குழுவைக் கூட்டிவந்து, கண்ணாடியில் ஜெபித்த எண்ணெயால் சிலுவை போடவைத்தார். எண்ணெய் வழிந்து சந்தனத்தில் கலந்து, சந்தனம் வழிந்து என் சிங்க்கில் இறங்கி, அதன் மேல் விளக்குக் கரி படிந்து, ஐந்தே நாளில் அந்தக் கண்ணாடி சாலையோர பஜ்ஜிக் கடையின் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. ஜன்னல் எழுதிப் பார்த்தது. "இத... குளி..." என்று ஒரு பொட்டுக்கும் இன்னொரு பொட்டுக்கும் நடுவில் திக்கியது. "பாத்தீங்களா, மந்திரம் மாதிரி சொல்லுது" என்று விசாலம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. அவள் தலை மறைந்ததும், பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் குழைத்து, நாரைப் போட்டு, அந்தக் கண்ணாடியை மேலிருந்து கீழ்வரை தேய்த்து, பழைய துணியால் துடைத்துவிட்டேன். பளபளவென்று ஆனது. மறுநாள் காலை இட்லிப் பானை கொதித்தது, ஆவி போனது, கண்ணாடியில் ஒட்டவில்லை. அந்தப் பக்கம் இருந்த ஜெரேனியம் தொட்டி தெளிவாகத் தெரிந்தது. ஓர் எழுத்து இல்லை. சோப்புப் பூசிய கண்ணாடியில் ஆவி நிற்காது என்பது, மழை நாளில் ஸ்கூட்டர் கண்ணாடிக்குச் சோப்புத் தடவுகிற எவனுக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் செய்தேனா என்று கேட்டால், மூன்று வாரத்தில் முதல்முறையாக என் சமையலறையில் நான் மட்டும் நின்று காப்பி குடித்த அந்தக் காலையை நினைத்துக்கொள்கிறேன்.

முதல் நாள் எல்லோரும் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்தார்கள். இரண்டாம் நாள் நான்கு பேர். மூன்றாம் நாள் ஒருவரும் இல்லை. கேசவமூர்த்தி நோட்டில் "அறிக்கை நிறுத்தம்" என்று எழுதி, கோடு போட்டு, கையெழுத்திட்டார். அவ்வளவுதான், தெரு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டது; யார் வீட்டுப் பெண் யாரோடு பேக்கரியில் நின்றாள் என்று.

யோகம்மா மட்டும் வந்தாள்.

முதல் நாள், "பனி விழுமாக்கா?" என்றாள். ஜன்னல் பேசவில்லை என்று சொன்னால், ஏன் பேசவில்லை என்று கேட்பாள், நான் சோப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அடுப்பில் பருப்பு இருக்கிறது. "விழாது, போ" என்றேன். இரண்டாம் நாளும் சொன்னேன். மூன்றாம் நாளும் சொன்னேன். பத்தொன்பது நாள் உண்மையாக இருந்த சொல் மூன்று நாளில் பொய்யாகிவிடுமா என்று, யோசித்துக்கூடச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது.

மூன்றாம் நாள், போகிக்கு முந்தின நாள், அவள் பிற்பகலில் மறுபடியும் வந்தாள். வழக்கத்தில் இல்லாத நேரம். மூன்றரை மணி இருக்கும்.

"என்ன?" என்றேன், ஒரு சாண் கதவு வழியாக.

"ஒண்ணுமில்லக்கா. காத்து செத்துப்போச்சு. வானம் தொடச்சு வெச்ச மாதிரி கெடக்கு. எங்க எஸ்டேட்ல இப்படி ஒரு சாயங்காலம் வந்தா கங்காணி விடியக்காலையில பனி எறங்கும்னு சொல்வாரு. அதான் ஒரு தடவ கேட்டுட்டுப் போலாம்னு..."

"மூடி வைக்கச் சருகு எதுவும் இல்லையா உன்கிட்ட?"

"இருந்திச்சுக்கா. ரெண்டு வண்டி காஞ்ச புல்லு சேத்து வெச்சிருந்தேன். நீங்கதான் தெனமும் விழாது விழாதுங்குறீங்களே, சும்மா கெடந்து மக்குதேன்னு முந்தாநாள் மாட்டுக்காரங்க கேட்டப்ப எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன்." அவள் சிரித்தாள். "நீங்க சொன்னா சரியாத்தான்க்கா இருக்கும். ஜன்னல் சொல்றது தப்பாதுல்ல."

முந்தாநாள். நான் முதல் முறை பொய் சொன்ன நாள்.

கான்வென்ட்டில் எங்களுக்குப் பாவசங்கீர்த்தனம் என்றால் ஒரு மரப்பெட்டிக்குள் மண்டியிட்டு முணுமுணுப்பது. சேற்றுக்காலோடு ஒருத்தி எதிரே நின்று நன்றியோடு சிரிக்கும்போது எப்படிச் செய்வது என்று ஒரு சிஸ்டரும் சொல்லித் தரவில்லை. "இரு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். கதவைச் சாத்தவில்லை.

கெட்டிலில் இருந்த வெந்நீரை அப்படியே கண்ணாடியில் ஊற்றினேன். வினிகர் புட்டியைக் கவிழ்த்தேன். செய்தித்தாளைக் கசக்கித் தேய்த்தேன். வீட்டுக்காரர் ஹாலிலிருந்து, "அது இன்னைக்குப் பேப்பரும்மா" என்றார். மறுபடி வெந்நீர். மறுபடி தேய்ப்பு. அப்புறம் நான்கு அடுப்பையும் ஏற்றி, இட்லிப் பானை, குக்கர், குளிக்க வெந்நீர் போடும் தவலை, பொங்கலுக்கென்று புளி போட்டுத் துலக்கி வைத்திருந்த வெண்கலப் பானை, எல்லாவற்றிலும் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டேன். சமையலறை வெள்ளையாகிப்போனது. சுவர் வியர்த்தது. சாமி படங்கள் வியர்த்தன. கண்ணாடியில் முதலில் ஓரங்களில், பிறகு நடுவில், தயங்கித் தயங்கி ஆவி நின்றது, அதன் மேல் ஏதோ கோடு இழுபடுவது தெரிந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. என் மூக்குக்கண்ணாடியும் அதே ஆவியில் மூடிக்கொண்டுவிட்டது. கழற்றினால் எழுத்துப் புரியாது, போட்டால் புகை. துடைத்துப் போடுகிறேன், மூடிக்கொள்கிறது, துடைத்துப் போடுகிறேன், மூடிக்கொள்கிறது.

"என்னங்க! இங்க வாங்க, இதைப் படிங்க!"

"என்னது?" என்றார் ஹாலிலிருந்து, எழுந்திருக்காமல்.

அப்போது என் தோளுக்குப் பின்னால், மிக அருகில், ஒரு குரல் நிறுத்தி நிதானமாகப் படித்தது: "இன்று பின்னிரவு முதல் உறைபனி. சரிவில் கடுமையாக. விடிந்து ஏழரை வரை."

திரும்பினேன். ஆவிக்குள் யோகம்மா நின்றாள். காலில் சேறு. என் தரையில் சேறு.

"உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"எட்டாவது முடிச்சேன்க்கா" என்றாள், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்ப இத்தனை நாள் ஏன் வெளியவே நின்னு என்னைக் கேட்டுட்டுப் போன?"

"நீங்க ஒரு நாளும் உள்ள வரச் சொல்லலியே."

அதற்கு, என்னிடம் எப்போதும் கைவசம் இருக்கிற ஒன்றைச் செய்தேன்: கோபப்பட்டேன். "நின்னுட்டிருந்தா செடி மூடிக்குமா, வா" என்று அவளை இழுத்துக்கொண்டு போய், பீரோவைத் திறந்து, பெட்ஷீட் பதினொன்று, மேஜை விரிப்பு மூன்று, கல்யாணத்துக்கு மாமியார் வீட்டில் எடுத்துக்கொடுத்து நான் ஒரு நாளும் கட்டாத ஊதாப் புடவை, எல்லாவற்றையும் அவள் கையில் போட்டேன். உண்மையைச் சொல்லவேண்டிய இடம் அதுதான், சொன்னேன். "ஜன்னல் மூணு நாளா பேசல. நான் சோப்புப் போட்டுத் தேச்சுட்டேன். விழாதுன்னு சொன்னது நானா சொன்னது."

யோகம்மா என்னை ஒரு நொடி பார்த்தாள். திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். "இது பத்தாதுக்கா" என்றாள். "பாதி வரிசைகூட மூடாது."

பத்தாதுதான். வீடு வீடாகப் போனேன். விசாலம், புதுத் துணியெல்லாம் பண்டிகைக்கு எடுத்து வைத்தது, மண்ணில் போட ஆகாது என்றாள். மூன்று வாரம் என் சமையலறையில் செருப்போடு நின்றவள். கேசவமூர்த்தி, "அறிக்கை நிறுத்தம்னு எழுதியாச்சு மேடம். இப்ப வந்ததை எந்தத் தேதியில பதிவு பண்றது?" என்று கேட்டார். நான் அவரைப் பார்த்த பார்வையில் அந்த மனிதருக்குப் பழைய இன்ஸ்பெக்ஷன் நாள் ஏதாவது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அசோசியேஷன் ஆண்டு விழாவுக்கு மேடையில் கட்டுகிற வெள்ளைப் படுதாவை எடுத்துக் கொடுத்தார், ஒரு ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு.

ஃப்ராஸ்ட் வியூவில் ஆள் இல்லை. ஜெயசீலன் விருந்தாளிகளை அழைத்துவர மேட்டுப்பாளையம் போயிருந்தார். பின்பக்கக் கொடியில், எட்டு அறைக்கும் மாற்றி விரிக்க என்று துவைத்துக் காயப்போட்ட வெள்ளை டபுள் பெட்ஷீட்டுகள் இருபத்து நான்கு, காற்றே இல்லாத சாயங்காலத்தில், அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தன. நான் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே எடுத்தேன். கான்வென்ட் சோறு வீண் போகவில்லை என்பதற்கு அடையாளமாக, கொடிக் கிளிப்புகளை வரிசையாகத் திரும்ப மாட்டிவிட்டு வந்தேன்.

வெளிச்சம் போவதற்குள் நானும் யோகம்மாவும், கடைசி வரிசைக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்த வீட்டுக்காரரும் ("ராத்திரிக்குச் சாப்பாடு?" என்று கேட்டுக்கொண்டே ஒரு முனையைப் பிடித்தார்), பந்தலுக்குக் குச்சி நடுகிற மாதிரி வரிசை நெடுகக் குச்சி நட்டு, பூ விட்ட பீன்ஸ் செடிகளின் மேல் துணியை இறக்கி, ஓரங்களில் கல் வைத்தோம். நிறத் துணியெல்லாம் அடியில் போட்டு, வெள்ளையை மேலே விரித்தோம். ஐந்து சென்ட்டும் மூடியது.

உறைபனி சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்ன இடத்தில் இறங்கியது.

காலை ஆறரைக்கு நான் சரிவுக்குப் போனபோது, புல் நுனியெல்லாம் உப்புத் தூவின மாதிரி இருந்தது, மிதித்தால் நொறுங்கியது. ஆனால் அது கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிற சங்கதி இல்லை, குனிந்து பார்த்தால்தான் உண்டு. மேலே ஃப்ராஸ்ட் வியூ வராந்தாவில் ஒரே கூச்சல். எட்டுக் குடும்பமும் சால்வையோடு நின்று, கீழே வரிசை வரிசையாக மேடும் பள்ளமுமாக வெள்ளை வெளேரென்று கிடந்த ஐந்து சென்ட்டைப் பார்த்து, கையைக் கோத்துக்கொண்டு, போட்டோவாக எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் அழுதேவிட்டாள். "எங்க ஊர்ல இதெல்லாம் எங்க பாக்குறது" என்றாள்.

ஜெயசீலன் நடுவில் நின்று, மார்பை நிமிர்த்திக்கொண்டு, "நான்தான் சொன்னேனே, எங்க லைனுக்குன்னே தனியா விழும்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். விருந்தாளிகளுக்கு மாற்று விரிப்பு இல்லையே, எவன் எடுத்தான் என்று முந்தின சாயங்காலம் தெரு முழுக்கக் கத்தியவர்.

நான் மேலே ஏறிப்போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

"நல்ல பனி" என்றேன்.

"ஆமா மேடம்" என்றார், பல்லெல்லாம் தெரிய.

"மூலையில சிவப்பு நூல்ல எஃப்.வி.னு தைச்சிருக்கு, பாத்தீங்களா?"

அவர் பார்த்தார். வாய் திறந்தது; பக்கத்தில் அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்; வாய் மூடிக்கொண்டது. ஏழரைக்கு வெயில் ஏறி, புல்லில் இருந்த நிஜப் பனி எல்லாம் ஒரு மூச்சில் கரைந்து போனது; சரிவில் மட்டும் வெள்ளை அப்படியே இருந்தது. "என்ன சார், வெயில் அடிச்சும் உருகவே இல்ல?" என்று ஒருவர் கேட்டார். ஜெயசீலன், "கெட்டிப் பனி சார்" என்றார். "எட்டரை வரைக்கும் கூட நிக்கும்." நின்றது. அவருடைய விரிப்பு அவருக்குக் கிடைக்கப் பதினோரு மணி ஆனது, அதுவும் விருந்தாளிகள் எல்லோரும் கேத்தரின் நீர்வீழ்ச்சி பார்க்கப் போன பிறகு, அவரே சரிவில் இறங்கி, கல்லை நகர்த்தி, ஒவ்வொன்றாக மடித்து எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றை எடுக்கும்போதும் அடியில் பச்சையாக ஒரு வரிசை, அதில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூ. யோகம்மா எதிர் முனையைப் பிடித்து மடிக்க உதவினாள். அவர் காருக்கு வேறு இடம் பார்க்கத் தொடங்கினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மாசி நடுவில் யோகம்மா காய் எடுத்தாள். ஒரு மூட்டையைப் பஸ்ஸில் போட்டுக்கொண்டு கோயம்புத்தூர் போய் நிலச் சொந்தக்காரர் வீட்டு நடையில் இறக்கினாள். நிலம் அவளிடமே இருக்கிறது. கேசவமூர்த்தி நோட்டில், உரிய நேரத்தில் அசோசியேஷன் எடுத்த நடவடிக்கையால் பயிர் காப்பாற்றப்பட்டது என்று எழுதியிருக்கிறார். விசாலம், அன்று அந்த ஜன்னலைப் பேசவைத்தது தான் வைத்த குங்குமம்தான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். இந்த ஜனங்களுக்கு உறைபனியே மேல். அது ஏழரைக்குப் போய்விடுகிறது.

ஜன்னல் இப்போதும் எழுதுகிறது. கூட்டம் வருவதில்லை, பேக்கரி விவகாரம் இன்னும் முடியவில்லை. ஆறரைக்குப் பின்கதவு தட்டப்படும். நான் தோசைக் கரண்டியை வைத்துவிட்டுப் போய் முழுவதும் திறப்பேன். முதல் ஒரு வாரம் அவள் காலைப் பார்த்தாள், என் தரையைப் பார்த்தாள், நிலைப்படியிலேயே நின்றாள்.

"பனி விழுமாக்கா?"

"எனக்கெப்படித் தெரியும்? கண்ணாடி போட்டா புகை, கழட்டினா தெரியாது. நீதான் எட்டாவது படிச்சவளாச்சே, வந்து பாரு."

அவள் வாசிப்பாள், நிறுத்தி நிதானமாக, பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கிற மாதிரி. இன்று காலை வாசித்தது: "குளிர் இல்லை. மாலை வரை வெயில். காற்று, சொல்லும்படி இல்லை."

"உள்ள வந்து கதவைச் சாத்து" என்றேன். "குளிர் வருது."